பதிலுக்கு விட்ட இடம்

நசீர் பாய் மௌத்தாகிவிட்டார் என்று ஆம்பூரிலிருந்து அவருடைய தங்கை போனில் சொன்னபோது, ராணிப்பேட்டை வீட்டில் நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கணினித் திரையில் கையை ஆட்டி ஆட்டி ஏதோ ஒரு கட்சியை வைதுகொண்டிருந்தார். அவரைப் பற்றி நான் எடுத்துவந்த ஆவணப்படம் முடிய ஒரே ஒரு காட்சி பாக்கி. அதைத்தான் மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 'குறுக்குக் கேள்வி' என்ற நாலு பக்கப் பத்திரிகைக்கு ஆசிரியர், நிருபர், விநியோகிப்பவர் எல்லாம் அவரே. தோளில் புரளும் நரைமுடி, ஒரு பழைய சைக்கிள். தோல் தொழிற்சாலை முதலாளிகள், தொழிற்சங்கங்கள், கட்சிகள், சொந்த ஜமாஅத் என அவர் விட்டுவைத்த ஆள் கிடையாது. இப்படி எழுதியும் எப்படி உதை வாங்காமல் நடமாடுகிறார் என்ற ஆச்சரியம்தான் என்னைக் கேமராவோடு அவரிடம் இழுத்துப்போனது.

முதல் நாளே விடை கிடைத்தது. யாரைத் திட்டி எழுதினாலும், அச்சுக்குப் போகுமுன் அந்த ஆளின் வீட்டுக்கே போய், எதிரே உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார். கீழே பதிலுக்கு அதே அளவு இடம் விடுவார். பதில் சொன்னால் ஓர் எழுத்தும் குறையாமல் வரும். சொல்லாவிட்டால் அந்த இடம் வெள்ளையாகவே அச்சாகும்.

"திட்டு பரவால்ல பாய், வெள்ளையா மட்டும் வுட்டுடாதீங்க" என்று ஒரு முதலாளி கெஞ்சியதை நானே படம் பிடித்தேன்.

"உங்களுக்குப் பயமே இல்லையா பாய்?" என்று நான் கேட்டேன்.

"பயம் இல்லாமலா? ஆனா அவரு இன்னா பதில் சொல்வாருன்னு தெரிஞ்சிக்கற ஆசை அதவிட ஜாஸ்திமா."

படத்தை ஒருவழியாகத் தொகுத்து அவருக்குப் போட்டுக் காட்டினேன். முழுக்கப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி. உங்க அப்பா எங்கமா?" என்றார்.

என் அப்பா அருணாசலம் தொழிற்சங்கச் செயலாளராக இருந்தவர். கழிவுநீர் குடிதண்ணீரைக் கெடுக்கிறதென்று தோல் தொழிற்சாலைகளைக் கோர்ட் மூடியபோது, திறக்கச் சொல்லி முதலாளிகளோடு ஒரே மேடையில் நின்றவர். "தொழிலாளிக்கு வேலையும் வேணும், குடிக்கத் தண்ணியும் வேணும். அருணாசலம் வேலைய மட்டும் கேட்டாரு" என்று நசீர் பாய் கேமரா முன்பு சொல்லியிருந்தார். அதை வெட்டிவிட்டேன்.

"நீளமாய்ட்டுது பாய்" என்று மழுப்பினேன்.

சிரித்துவிட்டார். "என் பேச்ச வெட்டுனா பரவால்ல. அவரு சொல்லவேண்டிய பதிலயும் சேத்து வெட்டிட்டியேமா. மொதல்ல அவருக்குப் போட்டுக் காட்டு."

காட்டவில்லை. அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்திவிடுவாரோ என்று பயந்தேன். யாரிடமும் நேருக்கு நேர் பேசிய மனிதரை வைத்துப் படமெடுத்தவளுக்கு, வீட்டில் ஒருவரிடம் வாய் திறக்கத் தைரியமில்லை. வெட்கமாக இருக்கிறது.

அடக்கத்துக்கு அப்பா ஆம்பூர் போய்வந்தார். மறுநாள் காலை அவரை உட்காரவைத்து, வெட்டிய காட்சியைப் போட்டேன். அசையாமல் பார்த்தார்.

"இன்னொரு வாட்டி போடு."

போட்டேன். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கீழ எடம் வுடுவாரே, அது எங்க?"

அப்பா உள்ளே போய்ச் சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து, ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கேமராவ எடுத்துனு வா" என்றார்.

உங்களுக்குக் கொடுத்த அதே நேரத்தை அவருக்கும் கொடுத்தேன், நசீர் பாய். ஒரு சொல்லையும் வெட்டவில்லை. நிம்மதியாகப் போய்வாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள மிகவும் ஆசைப்பட்ட ஒரே ஆள் நீங்கள்தான்.