முதலெழுத்தில் நின்ற முருகன்

1. டி.சி. கேட்டு வந்தவர்

அன்று காலை பிரேயர் முடிவதற்குள் மாதேஷ் பள்ளிக்கு வந்துவிட்டார். ஒன்பதாம் வகுப்பு பவித்ராவின் அப்பா. காரிமங்கலத்துக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் தக்காளி போடுகிறவர். வழக்கமாக வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கூப்பிட்டால்தான் உள்ளே வருவார். அன்று செருப்புக் காலோடு நேராக ஹெச்.எம். அறைக்குள் போனார். பவித்ரா தலை குனிந்தபடி பின்னால் போனாள்.

ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் அந்தப் பள்ளியில் தமிழாசிரியை. போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். இது அதற்குச் சில வருடம் முன்பு நடந்தது.

"எம்புள்ளைக்கு டி.சி. குடுத்துடுங்க. படிச்சது போதும்" என்றார் மாதேஷ்.

என்னவென்று கேட்டதற்கு அவர் போனை நீட்டினார். அதில் ஒரு போட்டோ. என் வகுப்புச் சுவரில் நான் ஒட்டிவைத்த பவித்ராவின் கவிதை. சிவப்பு ஸ்கெட்ச்சில் எழுதிய எழுத்துகளைச் சுற்றி மட்டும் யாரோ வட்டம் போட்டிருந்தார்கள். மு, ரு, க, ன்.

அதே வகுப்பில் முருகன் என்று ஒரு மாணவன் இருந்தான். வேறு தெருப் பையன், வேறு சாதி. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளையின் பெயரையும் வேறு தெருப் பையன் பெயரையும் சேர்த்துச் சொன்னால் என்ன ஆகும் என்று இங்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

2. புள்ளி எழுத்துக்கு வந்த வழி

அந்தக் கவிதை எப்படிச் சுவருக்கு வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

ஒரு பயிற்சி வகுப்பில் 'அக்ராஸ்டிக் போயம்' சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு பெயரை மேலிருந்து கீழாக எழுதி, ஒவ்வொரு எழுத்திலும் ஒரு வரி தொடங்க வேண்டும். பயிற்சியில் காட்டிய உதாரணம் எல்லாம் ஆங்கிலம். கேட்க எளிதாகத்தான் இருந்தது.

வகுப்பில் வந்து 'பெயர்க்கவிதை' என்று போர்டில் எழுதிப் பிள்ளைகளைத் தொடங்கச் சொன்னேன். கால் மணி நேரத்தில் எல்லோரும் முட்டிக்கொண்டு நின்றார்கள். மணிகண்டன் 'ம' எழுதிவிட்டு 'ணி'யில் நின்றான். தமிழில் 'ணி'யில் தொடங்கும் சொல் ஏது? ட, ண, ள, ழ, ற, ன எதுவும் சொல்லுக்கு முதலில் வராது. புள்ளி வைத்த எழுத்தும் வராது. வருடக்கணக்காக இலக்கணம் நடத்திய எனக்கு இது முன்கூட்டியே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து பவித்ரா எழுந்தாள். அதிகம் பேசாத பெண். "முதல்ல வராத எழுத்து வரியோட கடைசியில வந்தா ஒத்துக்குவீங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

ஒத்துக்கொண்டேன். அதன் பிறகு வகுப்பே ஓடத் தொடங்கியது. மணிகண்டன்கூட 'என் தோழன் மணி' என்று ஒரு வரியை முடித்துவிட்டு 'ணி' வந்துவிட்டதாகக் கையைத் தூக்கினான். பிடித்த ஒரு பெயரை வைத்து ஆளுக்கு ஒன்று எழுதி வரச் சொன்னேன். பவித்ரா எழுதி வந்தது இது:

முன்னே நான் நடந்தால் பின்னே துணையாய் வருவான்
ருசியான எதையும் நான் தந்தால்தான் உண்பான்
கதவோரம் நின்று நான் வரும்வரை காத்திருப்பான்
என் மனசு அறிந்தவன் உலகத்தில் அவன் ஒருவன்

கடைசி வரியின் கடைசி 'ன்' சிவப்பில். படித்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது. முருகக் கடவுள் மேல் இந்த வயதில் இப்படி ஒரு பக்தியா என்று நினைத்தேன். இரண்டாவது வரி நைவேத்தியம் என்றுகூட எனக்கு நானே பொருள் சொல்லிக்கொண்டேன். 'மிக நன்று' என்று எழுதி, எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் ஒட்டினேன். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த யாரோ அதைப் போட்டோ எடுத்திருக்கிறார்கள். மறுநாள் காலைக்குள் அது ஊர் முழுக்கப் போய்விட்டது.

3. பெயர் வைக்கக் கூடாத உயிர்

ஹெச்.எம். ஒரு நல்ல காரியம் செய்தார். முருகனை பி.இ.டி. சாரோடு ஸ்போர்ட்ஸ் ரூமுக்கு அனுப்பி, தான் சொல்லும்வரை வெளியே விட வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை. நான் பவித்ராவைப் பக்கத்து லேபுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

சாமிக் கவிதைதானே என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினாள். அப்படியானால் யார் என்றேன்.

"ஆடுங்க டீச்சர். எங்க வூட்டுக் கெடா."

பிறகு மெதுவாக எல்லாம் சொன்னாள். அந்தக் குட்டிக்குத் தாய் செத்துவிட்டது. இவள்தான் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தாள். விற்கிற ஆட்டுக்குப் பெயர் வைக்கக் கூடாது, வைத்தால் விற்கும்போது அழுவாய் என்று அப்பா கண்டித்திருக்கிறார். அதனால் முருகன் என்ற பெயர் வீட்டில் யாருக்கும் தெரியாது. காலையில் பெரியப்பா போனைக் காட்டிக் கத்தியபோது, பயத்தில் இவளுக்கு வாய் எழவில்லை.

மாதேஷிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "மாட்டிக்கிட்டதும் ஆட்டு மேல பழியப் போடுறா. நீங்களும் நம்புறீங்களே டீச்சருங்க" என்றார்.

வீட்டுக்கே போய்ப் பார்த்துவிடலாம் என்றேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆடு திரும்பிப் பார்க்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் யோசிக்கவில்லை.

4. கூப்பிட்ட குரல்

மாதேஷ் வீட்டு முன்னால் அவருடைய அண்ணனும் இன்னும் நாலைந்து ஆண்களும் நின்றிருந்தார்கள். பவித்ராவின் அம்மா வாசற்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டியில் பத்துப் பதினைந்து ஆடுகள்.

நான் பெரியப்பாவையே முதலில் கூப்பிடச் சொன்னேன். அவர் வேண்டாவெறுப்பாக "முருகா" என்றார். ஒரு ஆடும் அசையவில்லை. நின்றிருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பவித்ராவைப் பார்த்தேன். அவள் பட்டியை அடைத்திருந்த படலுக்கு இந்தப் பக்கமே நின்றாள். கையில் தழை இல்லை, எதுவும் இல்லை. கூப்பிட்டாள்.

"முருகா."

மூலையில் படுத்திருந்த செவலைக் கெடா எழுந்தது. மற்ற ஆடுகளை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, முன்கால் இரண்டையும் படல் மேல் தூக்கி வைத்து, அவள் வயிற்றில் முகத்தை வைத்துத் தேய்த்தது.

முதலில் அம்மாதான் சிரித்தார், அழுதுகொண்டே. மாதேஷ் அங்கிருந்த தண்ணீர்த் தொட்டி விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"காலையில இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல, டீச்சருங்க. இந்த ஆட்டுக்கா" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "சொல்லியிருக்கலாமில்ல கண்ணு" என்றார். நீங்கள் சொல்ல விட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது. எழுந்து போய் அவள் தலையில் கை வைத்தார்.

பெரியப்பா போனை எடுத்து எல்லோருக்கும் குரலிலேயே செய்தி அனுப்பினார்: "ஏம்ப்பா, அது ஆடு. எங்க தம்பி வூட்டு ஆடு." காலையில் பரவியதைவிட வேகமாக அது பரவியது. மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தது. நான் திரும்பும் வழியில் டீக்கடையில் உட்கார்ந்து, ஆறிப்போகும்வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

டி.சி. பேச்சு அதன் பிறகு எழவில்லை. கெடாவைக் கொஞ்ச நாள் கழித்துச் சந்தையில் விற்றுவிட்டார்கள். பவித்ரா அன்று வகுப்பில் அழுதாள். மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். இப்போது தருமபுரியில் கல்லூரிக்குப் போகிறாள்.

பெயர்க்கவிதை எழுதச் சொல்லும் இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பிள்ளை எழுதியதற்கு நீங்களாக ஒரு பொருள் வைத்துக்கொள்ளாதீர்கள். நான் சாமி என்று நினைத்தேன், ஊரோ ஒரு பையன் என்று நினைத்தது. எழுதியவளிடம் யாரும் கேட்கவில்லை. சுவரில் ஒட்டுவதற்கு முன்னால் பக்கத்தில் உட்காரவைத்து, 'இது யாரு?' என்று கேளுங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும்.

அன்று பள்ளிக்குத் திரும்பியதும் நேராக ஸ்போர்ட்ஸ் ரூமுக்குத்தான் போனேன். முருகன் வாலிபால் வலையின் சிக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தன்னை மட்டும் ஏன் இங்கே வேலை வாங்குகிறார்கள் என்று என்னிடம் குறைப்பட்டான். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, போய்ச் சாப்பிடு என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு ஓடினான்.