நான் எழுதிய தூக்கம்

என் கணவர் லோரி ஓட்டினார். மலாக்காவில், காஜா பெராங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த பலகை வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில்தான் அவருடைய கம்பெனி. ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் போவார். அங்கிருந்து அரிசியோ சீனியோ கிடைத்ததை ஏற்றிக்கொண்டு திரும்புவார். சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. டிரைவர்கள் எத்தனை மணி நேரம் ஓட்டினார்கள், எத்தனை மணி நேரம் ஓய்வெடுத்தார்கள் என்று எழுதிவைக்க வேண்டும் என்று கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணி ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்.

புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. இவருக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். நான் கான்வென்டில் ஏழாவது வரை படித்தவள். அதனால் எழுதுகிற வேலை என்னிடம் வந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

முதல் வாரம் அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். கிராணி அந்தப் பக்கங்களைக் கிழித்து அவர் கையிலேயே கொடுத்தனுப்பினார்.

“பதினாறு மணி நேரம் ஓட்டினேன்னு எழுதினா கம்பெனிக்கு சம்மன் வருமாம். ரொம்ப சுசாவா, தொல்லையாப் போயிடுமாம்.”

“அப்ப அவ்வளவு நேரம் ஓட்டாதீங்க.”

“ஓட்டலன்னா வேற ஆளு இருக்குன்னு சொல்றாரு. எழுது புள்ள. எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க.”

கிழித்த தாள்களை வைத்து அன்று அடுப்பு மூட்டினேன். புதுப் பக்கத்தில் வேறு மாதிரி எழுதினேன்.

வழியில் மூவார், பத்து பகாட் ஊர்களில் ஆற்றைக் கடக்க லோரிகள் பெர்ரிக்காக வரிசையில் நிற்கும். ஸ்டியரிங்கை விட்டு நகராமல் அவர் வெயிலில் காத்துக்கிடந்த நேரத்தை ஓய்வு என்று எழுதினேன். அப்படியும் நேரம் ஒத்துவராவிட்டால் வீட்டில் தூங்கியதாக எழுதினேன். சில மாதங்களில் கை பழகிவிட்டது. கிளம்பிய நேரமும் திரும்பிய நேரமும் தெரிந்தால் போதும், மிச்சத்தை நானே நிரப்பிவிடுவேன்.

அன்றைக்கு அவர் சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்தபோது விடிந்துகொண்டிருந்தது. முந்தின நாள் காலையில் போனவர். குளித்துவிட்டுப் படுப்பார் என்று பாயை விரித்தேன்.

“படுக்க முடியாது. தம்பின் ஊரு ஸ்டேஷனுக்கு ஷீட் போகணுமாம். ரயில் நிக்காதாம். பகலுக்குள்ள வந்துடுவேன், அப்பறம் தூங்கிக்கிறேன்.”

காப்பி போட்டுக் கொடுத்தேன். எதிரே உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்து, ‘இரவு ஒன்பது முதல் காலை ஐந்து வரை வீட்டில் ஓய்வு’ என்று எழுதினேன். மை காய்வதற்காக ஊதிவிட்டு நிமிர்ந்தால், கோப்பையைப் பிடித்தபடியே தூங்கிவிட்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. காப்பி சட்டையில் வழிந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். விட்டிருக்கலாம். நேரமாகிறதே, வேலை போய்விடுமே என்று தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பினேன். வேறு சட்டை எடுத்துக் கொடுத்தேன்.

பத்தரை மணி இருக்கும். பக்கத்து வீட்டு, தமிழ் பேசத் தெரியாத மலாக்காச் செட்டி அம்மா ஓடிவந்து மலாயில் சொன்னார்: லோரி சாலையை விட்டு இறங்கிவிட்டதாம், உன் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறாராம். அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். வேறு யாருக்கும் ஏதும் ஆனதா என்று கேட்கத் தோன்றவில்லை. பால் வாளியோடு சாலையோரம் நடந்துபோன தோட்டத்துப் பெண் ஒருத்தி அந்த இடத்திலேயே செத்துப்போயிருந்தாள். சாலையெல்லாம் ரப்பர் பால் கொட்டிக் கிடந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

கோர்ட்டில் என் கணவர் எதையும் மறைக்கவில்லை. “தூங்கிட்டேன் ஐயா. ராத்திரி பூரா ஓட்டிட்டு வந்தேன்,” என்றார்.

கிராணி புத்தகத்தை நீட்டினார். மாஜிஸ்திரேட் என் எழுத்தைச் சத்தமாக வாசித்தார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்: “எட்டு மணி நேரம் வீட்டுல தூங்கின ஆளுக்குக் காலையில பத்து மணிக்கு எப்படித் தூக்கம் வரும்?”

அவர் கூண்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் பக்கம் திரும்பவுமில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் அப்படி நிற்கிறார் என்று எனக்குப் புரிந்தது. எழுந்து நின்றேன்.

“அது பொய்ங்க ஐயா. நான்தான் எழுதினேன். அன்னிக்கு அவரு ஒரு நிமிஷம்கூடப் படுக்கல.”

என்னைக் கூண்டில் ஏற்றி, சத்தியம் வாங்கிக்கொண்டு விசாரித்தார்கள். கிராணி சொல்லித்தான் பொய் எழுதினோம் என்றேன். கிராணி பதறவே இல்லை. “இவங்க வீட்டுல உட்கார்ந்து என்ன எழுதுறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? உண்மையைத்தான் எழுதணும்னு அட்டையிலேயே அச்சடிச்சிருக்கு. இந்தம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுமே.”

அச்சடித்துத்தான் இருந்தது. எனக்குப் படிக்கவும் தெரியும். கிழித்த பக்கங்கள் எங்கே என்று கேட்டார்கள். என்னிடம் இல்லை.

நான் உண்மை சொன்னதால் அவருக்கு நல்லது எதுவும் நடக்கவில்லை. தூக்கமில்லை என்று தெரிந்தே லோரியை எடுத்திருக்கிறார் என்று ஆனது. பதினெட்டு மாதம் ஜெயில். லைசென்ஸ் போனது. என்னை எச்சரித்து விட்டுவிட்டார்கள். கம்பெனியை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கோர்ட்டிலிருந்து வெளியே வந்தபோது செத்துப்போனவளின் புருஷன் படிக்கட்டில் நின்றிருந்தார். ஒவ்வொரு விசாரணைக்கும் அதே வெள்ளைச் சட்டையில் வந்து பின்வரிசையில் உட்காருவார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டார்.

“அவரு தூங்கலன்னு ஒனக்குத் தெரியுந்தானம்மா? தெரிஞ்சுதான அனுப்பின?”

ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு பஸ் நிற்கிற பக்கம் போய்விட்டார்.

ஜெயிலில் முதல்முறை பார்க்கப் போனபோது இவர் கேட்டது ஒன்றுதான்.

“நீ ஏன் எழுந்து நின்ன?”

“பொய்ய எழுதினது நான்தானே.”

“எழுதச் சொன்னது நானு.” அவரை நான் உலுக்கி எழுப்பியதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பின்னாலும் நாங்கள் அதைப் பேசியதில்லை.

வெளியே வந்தபின் பத்து பெரெண்டாம் பக்கம் ஒரு பலகை ஆலையில் மரம் தூக்கினார். லோரியில் ஏறவே மாட்டார். அந்த ஆலை லோரியில் சும்மா உட்கார்ந்து வரச் சொன்னாலும் நடந்தே வருவார்.

ஒருநாள் அவரிடம் சொல்லாமல் தம்பின் பஸ் ஏறி அந்தத் தோட்டத்துக்குப் போனேன். செத்துப்போனவளின் புருஷனிடம் ஆமாம் என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வரலாம் என்றிருந்தேன். அவர் இருந்த வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டார் என்றார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போனார் என்று விசாரித்தேன். நான் யாரென்று ஒரு பெண் அடையாளம் கண்டுகொண்டாள். அதன்பின் அந்த வரிசை வீடுகளில் யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை.