உமிச்சாம்பல் தேய்த்த கார்

'சரக் சரக்' என்று தேங்காய் நார் தேயும் சத்தத்தில்தான் அந்த ஆயுத பூசையன்று எனக்கு விழிப்பு வந்தது. யாரோ பித்தளை அண்டாவைத் துலக்குகிறார்கள் என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். ஆனால் துலங்கிக்கொண்டிருந்தது எங்கள் சித்தப்பாவின் கறுப்புக் கார்.

துலக்கியவள் சித்தி. கல்யாணமாகி நல்லேப்பிள்ளியிலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத புதுப்பெண். ஏரும் கடப்பாரையும்கூடப் பளபளவென்று பூசைக்கு நிற்கும்போது புருஷனின் காரை மட்டும் வெறும் தண்ணீரில் கழுவி விடலாமா என்று, உமிச்சாம்பலைத் தொட்டு நாரால் அழுத்தித் தேய்த்திருக்கிறாள், அவ்வளவு அக்கறை! ஈரத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெயில் ஏறிக் காய்ந்ததும் கூரையிலிருந்து கதவு வரை சுழிசுழியாகக் கீறல்கள். சந்தனப் பொட்டோடு நின்ற அந்தக் காரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

சித்தப்பாவோ தன் பழைய பனியனைத் தவிர வேறு துணியைக் காரின்மேல் பட விடாதவர். "இவன் காருக்கே தாலி கட்டியிருக்கலாம்" என்று அம்மா கேலி செய்வாள். திட்டித் தீர்த்திருந்தால்கூடப் பரவாயில்லை, மனிதர் பேச்சையே நிறுத்திவிட்டார். சித்தி அடுப்படியிலேயே அழுது மூக்கு சிவந்து, "எங்கம்மா ஊட்டுக்கே போயர்றேனுங்க அக்கா" என்று அம்மாவிடம் சொல்லிப் பெட்டியில் சேலைகளை அடுக்கத் தொடங்கியபோது நான் ஓடிப்போய் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். வலிக்காமல் எனக்குத் தலை பின்னிவிட்ட ஒரே ஆள் அவள்தான்.

அப்பாதான் கோயமுத்தூரிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் கொண்டுவந்த "மெசினு" கரண்டில் சுற்றுவது. முனையில் ஆட்டு ரோமத்தாலான வட்டம் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டிலோ அரிக்கேன் விளக்குதான். கரண்டு வீட்டுக்கு வருவதற்கு முன் கிணற்றுக்கு வந்துவிட்ட காலம் அது. ஆகவே கார் வண்டித்தடத்தில் குலுங்கிக் குலுங்கிக் கிணற்று மேட்டுக்குப் போயிற்று; வேடிக்கை பார்க்க நாங்களும் போனோம். அங்கே இன்னொரு சிக்கல். தண்ணீர் மோட்டார் ஓடினால் மெசினுக்கு வலு பற்றாதாம். வயலில் நட்ட நாற்று வேர் பிடிக்காத சமயம், மோட்டாரை நிறுத்தச் சொல்ல மெக்கானிக்குக்கே வாய் வரவில்லை. அப்பா யோசிக்கவே இல்லை. "பயிரு ஒரு நாளைக்குத் தாங்கும். இதுக ரண்டும் இப்பிடியே மூஞ்சியத் திருப்பிக்கிட்டிருந்தா ஊடு தாங்காதுங்க" என்று தானே போய் சுவிட்சை அணைத்தார்.

மெக்கானிக் பாலிஷைத் தடவி மெசினை ஓட்ட ஓட்ட, சூடேறிய மெழுகு வாடையோடு சுழிகள் மெல்ல மறைந்து, காரின் முன்மூடியில் கிணற்றோரப் பனைமரம் தலைகீழாகத் தெரிந்தது. அப்போதுதான் சித்தி மெக்கானிக்கின் முன்னால் வந்தாள். "அண்ணா, கெடுத்தது நாந்தானுங்க. ஒரு கதவாச்சும் நான் பண்ணட்டுங்களா?"

மெக்கானிக் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா வயலைப் பார்த்தார். அப்பா தலையாட்டினார்.

"அமுக்காதீங்கம்மிணி. ஒரே எடத்துல நிறுத்துனாப் பெயிண்டு கருகிரும், நவுத்திக்கிட்டே இருக்கோணும். வளையலக் கழட்டி வெச்சிருங்க, பட்டாக் கீறிரும்" என்றார் மெக்கானிக்.

புதுப்பெண் வளையலைக் கழற்றுவதாவது! "அதெல்லாம் ஆகாதுங்க!" என்று அம்மா பதறினாள். சித்தி என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தாள். சித்தப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார், இரண்டாகக் கிழித்தார், வளையல்களோடு சேர்த்து அவள் மணிக்கட்டுகளில் சுற்றி முடிச்சுப் போட்டார். இரண்டு முடிச்சுக்கு அவ்வளவு நேரம் ஆகாது என்பது எனக்குக்கூடத் தெரிந்தது.

மெசின் அவளை உச்சி முதல் உள்ளங்கால் வரை உலுக்கியதில் சித்தி சிரித்துவிட்டாள். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

சாயங்காலம் மோட்டாரைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது, வழக்கம்போலப் பெண்டுகள் பின்சீட்டில் ஏறினோம். சித்தப்பா முன்கதவைத் திறந்து பிடித்தபடி, "முன்னால வந்து உக்காரு" என்றார். பூசைக்குப் பிறகு அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

கார் எந்தக் காலத்திலோ விலைக்குப் போயிற்று. கிணற்றைத் தூர்த்து வீடுகள் கட்டிவிட்டார்கள். சித்தப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். சித்தியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக என் மகன் காரைக் கொண்டுவந்து, சாய்ந்துகொள்ளட்டும் என்று பின்கதவைத் திறப்பான். அவள் கோலை ஊன்றிக்கொண்டு முன்கதவருகே போய் நின்றுகொள்வாள். அது திறக்கும்வரை யாரோடும் பேசமாட்டாள்.