காளியாயி மலையிறங்கிய கதை

சேர்வராயன் மலைமேல் தலைச்சோலையில் காப்பிப் பழம் பறிக்கப் போகும் பெண்களில் காளியாயியும் ஒருத்தி. நாற்பதை நெருங்கும்போது, பனிக்காலக் காலைகளில் அவள் விரல்கள் வெளுத்துப் பிறகு நீலம் பாரித்தன. அடுப்பருகே காட்டினால் சரியாகிவிடும் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வருடம் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஒருநாள் தண்ணீர்க் குடத்தோடு மேடேறும்போது கண் இருண்டு விழுந்தாள்.

முதலில் ஆஸ்துமா என்றார்கள். மருந்து கேட்கவில்லை. கணவன் சின்னையன் சேலத்துக்கு அழைத்துப்போனான். அங்கே டாக்டர் பானு அவள் விரல்களைப் பிடித்துப் பார்த்து, "குளிருல வெளுக்குதுங்களா?" என்று கேட்டார். இதயத்தை ஸ்கேன் எடுத்தார்கள். மெல்லிய குழாயை இதயம்வரை விட்டு ரத்த அழுத்தமும் பார்த்தார்கள்.

"கிருமி வந்தா எதுத்து நிக்க உடம்புல ஒரு சக்தி இருக்குதுங்க. உங்களுக்கு அது ஆள் தெரியாம உங்களையே அடிக்குது. நுரையீரல்ல ரத்தக்குழாய் தடிச்சு, வழி சுருங்கிப்போச்சு. அதுல ரத்தத்தத் தள்ளித் தள்ளி இதயம் களைச்சுப்போகுது."

"நான் என்னங்க பண்ணுனேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலைங்க."

குழாயைத் தளர்த்த ஒரு மாத்திரை, எதிர்ப்புச் சக்தியை அடக்க இன்னொன்று. அடக்கினால் சாதாரணச் சளிகூட ஆபத்து. கூட்டத்தில் நிற்கக் கூடாது. மலைக்குளிரும் மெலிந்த காற்றும் ஆகாது, கீழேயே இருக்க வேண்டும் என்றார்.

"தோட்டத்த உட்டுட்டு நான் எப்படி வர்றது?" என்றான் சின்னையன். "நீ கீழ இரு. ஞாயித்துக்கிழம வந்தர்றேன்."

சேலம் அஸ்தம்பட்டியில் ஓர் அறை பிடித்தார்கள். முகக்கவசத்தோடு அவள் வாசலில் நின்றால் பக்கத்து வீட்டுக்காரி பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வாள். அவர்களிடமிருந்துதான் தனக்கு நோய் தொற்றும் என்பதை எப்படிச் சொல்வதென்று காளியாயிக்குத் தெரியவில்லை. காப்பிப் பருவத்தில் சின்னையனின் ஞாயிறுகள் குறைந்தன. சேர்வராயன் கோயில் திருவிழாவன்று அவன் போனை உயர்த்திப் பிடித்தான். மேளச் சத்தம் கேட்டது.

"கேக்குதா?"

"கேக்குதுங்க."

மேளம் ஓயும்வரை அவள் போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

ஒரு வருடம் கழித்து நுரையீரலில் அழுத்தம் இறங்கியிருந்தது. வழியில் நிற்காமல் காய்கறிக் கடைவரை நடக்க முடிந்தது.

"ஊட்டுக்குப் போலாங்களா?" என்று கேட்டாள்.

"பகல்ல போயிட்டு வாங்க. தங்க வேண்டாம்" என்றார் டாக்டர்.

சின்னையனிடம் சொல்லாமலே பஸ் ஏறினாள். ஊரில் பெண்கள் சற்றுத் தள்ளி நின்றே நலம் விசாரித்தார்கள். வீட்டுக்குள் அவள் கட்டில்மேல் காப்பி மூட்டைகள் அடுக்கியிருந்தன. தோட்டத்திலிருந்து ஓடிவந்த சின்னையன் அவளுக்கு இடம் ஒழிக்க ஒரு மூட்டையைத் தூக்கினான்.

"இருக்கட்டுங்க" என்றாள். "பொழுது இருக்கையிலயே நான் பஸ்ஸப் புடிக்கோணும்."

அவன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, அவளுக்குக் காப்பி போட அடுப்பைப் பற்றவைத்தான்.