இடக்கைக்குக் காவல்

என்ரை மகள் இடக்கைக்காரி. எங்களோடை இருந்த மச்சாள், என்ரை மனுசன்ரை அக்கா, அதை லேசிலை விடமாட்டா. சோத்துக்கு இடக்கை நீண்டால் படக்கெண்டு ஒரு தட்டு. "நாளைக்குப் போற இடத்திலை எங்களையெல்லே பேசுவினம்" எண்டுவா. "மச்சாள், அவளுக்கு மூண்டு வயசு. இப்பவே மாப்பிள்ளை பாக்கப் போறியளோ?" எண்டு நானும் விடமாட்டன்.

நாதஸ்வரத்துக்குப் பேர்போன அளவெட்டியிலை பிறந்த பிள்ளை குழலைக் கண்டால் சும்மா விடுமே? கோயில் திருவிழா முடிஞ்ச கையோடை, வெட்டிக் கிடந்த பப்பாசி இலைத் தண்டை நாதஸ்வரம் எண்டு வாயிலை வைச்சு ஊதிக்கொண்டு முத்தத்திலை ஓடினவள், கால் தடக்கிக் குப்புற விழுந்தாள். தண்டு தொண்டைக்குள்ளை குத்திப்போட்டுது. வாய் முழுக்க ரத்தம். சண்டையாலை பெற்றோல் இல்லாத காலம், சைக்கிள்தான் எங்களுக்கு அம்புலன்ஸ். மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமட்டும் நான் அம்மாளாச்சியைக் கூப்பிட்டபடி இருந்தன்.

டொக்டர் டோச் லைட் அடிச்சுத் தொண்டைக்குள்ளை பார்த்தார். "காயம் சின்னன், தானாய் மாறும்" எண்டார். எனக்கு உயிர் வந்துது. "ஆனால் வலப்பக்கத்திலை குத்தியிருக்கு. அதுக்குப் பின்னாலைதான் மூளைக்குப் போற பெரிய ரத்தக்குழாய். அது நசுங்கியிருந்தால் உள்ளுக்கை ரத்தம் கட்டியாகி அடைக்கலாம். உடனே தெரியாது, ஒரு நாள் ரெண்டு நாள் போகும். வலப்பக்க மூளைதான் உடம்பின்ரை இடப்பக்கத்தை ஆட்டுறது. இடக்கை, இடக்கால் சோர்ந்தாலோ, எழுப்ப எழும்பாட்டிலோ உடனே கொண்டு வாங்கோ." வந்த உயிர் திரும்பிப் போட்டுது.

வீட்டை வந்ததிலையிருந்து அந்த இடக்கையை நான் விடேல்லை. "அம்மான்ரை விரலை இறுக்கிப் பிடி, குஞ்சு." பிடிப்பாள். கொஞ்சத்தாலை திரும்பவும் கேட்பன். நித்திரையிலையும் எழுப்பிக் கேட்டன். மச்சாளும் தன்ரை பங்குக்குக் கேட்டா.

அடுத்தநாள் காலமை இடியப்பத்தை முன்னாலை வைச்சன். வலக்கையாலை சாப்பிட்டாள். அச்சாப் பிள்ளையாய், வலக்கையாலை! மச்சாள் மாசக்கணக்காய்த் தவமிருந்த காட்சி. அவவே பேயறைஞ்ச மாதிரி நிண்டா. இடக்கை துடைக்குக் கீழை கிடந்தது, அசையேல்லை. மனுசன் சைக்கிளை எடுக்க ஓடினார்.

மச்சாள் நிலத்திலை குந்தினா. "எங்கை, மாமிக்கு அந்தக் கையைத் தா பாப்பம்" எண்டு மெல்ல இழுத்தா.

"தரமாட்டன்! எல்லாரும் பிடிச்சுப் பிடிச்சு நோகுது!"

ஒளிச்சு வைச்சிருந்த கை வெளியிலை வந்து மச்சாளின்ரை கன்னத்திலை பளாரெண்டு விழுந்துது. நான் சிரிச்சனோ அழுதனோ, எனக்கே தெரியாது. மச்சாள் கன்னத்தைத் தடவக்கூட இல்லை. கண்ணாலை பொலபொலவெண்டு கொட்ட, மற்றக் கன்னத்தையும் காட்டினா.

"இன்னொண்டு அடி, என்ரை குஞ்செல்லே. அந்தக் கையாலையே அடி."