தீர்மானம் போட்டாச்சு

என் வீட்டுக்காரர் எங்கள் சர்ச் சபைக்குச் செயலாளர் ஆனபோது எனக்குத்தான் தலைகால் புரியவில்லை. ஆவடி தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை, குவார்ட்டர்ஸில் ஒரு வீடு. அதற்குமேல் எங்களை யார் திரும்பிப் பார்த்தார்கள்? முழுக்கை வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தது நான்தான். அதற்கு இஸ்திரி போட்டுக் கொடுத்ததை இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அதுவரை ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கோயிலில் பாய் விரிப்பார், பானையில் தண்ணீர் நிரப்புவார். பிறகு கள்ளிக்குப்பம் போய், நடக்க முடியாத ஒரு பெரியவரைக் கேரியரில் உட்கார வைத்து ஆராதனைக்குக் கூட்டி வருவார். பெரியவர் இவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு வழியெல்லாம் கீர்த்தனை பாடுவாராம்.

"செயலாளரே பாய் விரிச்சா சபைக்கு என்ன மரியாதை?" என்றார்கள் கமிட்டிக்காரர்கள். இவரும் எல்லாவற்றையும் விட்டுவிட்டார்.

"அப்போ அந்தப் பெரியவரு?" என்றேன்.

"அதுக்குத் தீர்மானம் போட்டாச்சுல்லா. ஆள் வச்சுக் கூட்டிட்டு வருவாங்க."

தீர்மானமாம், தீர்மானம்! தொழிற்சங்கத்தில் போட்டுப் போட்டுப் பழகிய கை. ஒருமனதாக நிறைவேற்றினார்களாம். யார் போவது என்று மட்டும் பேசவில்லை; ஒருவர் போவார் என்று இன்னொருவர் இருந்துவிட்டார். நான் மறுபடியும் கேட்டேன். "பாத்துக்கிடுவாங்க" என்றார். அதற்குமேல் நானும் மல்லுக்கு நிற்கவில்லை. செயலாளர் மனைவியாக முன்வரிசையில் உட்காரும் சுகம் எனக்கும் இருந்ததே, ஐயோ.

அந்த மழைக்காலத்தில் பெரியவர் இறந்துபோனார். அவரைக் கூட்டி வர ஓர் ஆள் கிடைக்காத கமிட்டி, மொத்தமாக மலர்வளையத்தோடு கள்ளிக்குப்பத்தில் வந்து நின்றது. சபையின் சார்பில் இரங்கல் சொல்ல இவர் வாயைத் திறந்தார். பெரியவரின் மகள் குறுக்கே வந்தாள். அவளிடம் கோபமே இல்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்போம்.

"வாரா வாரம் நைனா வேட்டி கட்டிகினு வாசல்லயே குந்திகினு இருப்பாரு, அண்ணாத்தே. எந்த சைக்கிள் பெல்லு கேட்டாலும் 'தோ, வந்துட்டாரு'ம்பாரு. ஆராதனை முடியிற நேரந்தான் எழுந்து உள்ள வருவாரு. 'இன்னா வேலையோ பாவம், அவரைத் திட்டாதே'ன்னு என்னாண்ட சொல்வாரு."

பெட்டியைத் தூக்கும்போது இவர்தான் முதல் ஆளாகத் தோள் கொடுத்தார். கல்லறைத் தோட்டம் வரை யாரிடமும் மாற்றிக்கொள்ளவில்லை. செயலாளர் தூக்கலாமா என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.