கழுகு செத்ததையும் தின்னும்

கழுகு செத்ததைத் தொடாது என்று சொல்லாத பிரசங்கியார் எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வந்ததே இல்லை. உயிருள்ளதைத்தான் பிடிக்கும், சுத்தமானதைத்தான் தின்னும், அதனால் விசுவாசிகளும் கழுகைப் போல இருக்க வேண்டும் என்பார்கள். எல்லோரும் ஆமென் சொல்வார்கள். நானும் சொல்வேன், சத்தமாக.

அப்போது நாங்கள் வளைகுடாவில், ருவைஸில் இருந்தோம். அம்மா கிளினிக்கில் நர்ஸ். அவளுடைய விசாவில்தான் அப்பாவும் நானும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அங்கே போனோம். அப்பாவுக்கு லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. யார் கேட்டாலும், “டிரைவர்னு சொல்லு, போதும். என்ன வண்டின்னு நீயா சொல்ல வேண்டாம்” என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். பெருமை பேசக் கூடாது என்பதற்காகச் சொல்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டு ஹாலில் கூட்டம் நடக்கும். அந்தக் குளிர்காலத்தில் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி வைத்தார்கள். எனக்குக் கிடைத்த தலைப்பு கழுகு. அம்மா ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, சமையல்கட்டில் நிற்க வைத்து மனப்பாடம் பண்ண வைத்தாள். கையில் பிடித்துக் காட்டுவதற்குக் காலண்டர் படம் ஒன்று, அட்டையில் ஒட்டியது. வெள்ளைத் தலை, மஞ்சள் மூக்கு, ராஜா மாதிரி பார்வை. முதல் பரிசு எனக்குத்தான் என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் சந்தேகமே இல்லை. கிளினிக்கில் தன்னோடு வேலை பார்க்கிறவர்களிடமெல்லாம் என் பேச்சைக் கேட்க வாருங்கள் என்று சொல்லிவிட்டாள்.

போட்டியன்று காலையில் அப்பா டூட்டிக்குக் கிளம்பும்போது, “ஏட்டி, நெசக் கழுகு பாத்திருக்கியா?” என்று கேட்டார்.

“இல்லப்பா.”

“பாக்காமலா பேசப் போற? வா, காட்டுதேன்.”

அம்மா, டூட்டிக்கு முன்னால் கடற்கரைப் பக்கம் அழைத்துப் போகிறார் என்று நினைத்துக் கொண்டு, “வெயில்ல நிக்க விடாதீங்க, தொண்டை கட்டிரும்” என்று மட்டும் சொன்னாள்.

முதல் தடவையாக அன்றைக்குத்தான் அப்பாவின் லாரியில் ஏறினேன். குப்பை லாரி. சூப்பர்வைசருக்கு வெள்ளிக்கிழமை லீவு என்பதால் கேட்பார் இல்லை. கேபினில் உட்கார்ந்திருந்த, அப்பாவோடு வண்டியில் வேலை பார்க்கிற பட்டாணிய பாய் எனக்கு ஜன்னலோரத்தை விட்டுக் கொடுத்தார். தெருத் தெருவாக டப்பாக்களைக் கவிழ்த்து ஏற்றிக் கொண்டு, ஊரைத் தாண்டி, பாலைவனத்துக்குள் இருக்கும் குப்பைக் கிடங்குக்குப் போனோம். அப்பா ஹாரனை ரெண்டு தடவை அடித்தார்.

மேட்டுக்கு மேடு உட்கார்ந்திருந்த பழுப்பு உருவங்கள் எழும்பின. முப்பதோ நாற்பதோ இருக்கும். கதவளவு றெக்கை ஒவ்வொன்றுக்கும்.

“என் வண்டிச் சத்தம் அதுகளுக்குத் தெரியும்” என்றார் அப்பா. அவர் குரலில் அப்படி ஒரு நிமிர்வை அதுவரை நான் கேட்டதில்லை.

லாரி கொட்டியதும் கழுகுகள் இறங்கின. ஒன்று செத்த ஆட்டின் வயிற்றுக்குள் தலையை விட்டது. ஒன்று கோழித் தோலைக் காலுக்கடியில் அமுக்கிப் பிய்க்க, இன்னொன்று வாத்து போல நடந்து வந்து அதைப் பிடுங்கிக் கொண்டது. தொண்டைப் பை புடைக்கத் தின்ற ஒன்று, பறக்க முடியாமல் குப்பைமேல் ஓடிக்கொண்டே இருந்தது. பாய் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“இது தப்பான கழுகுப்பா. தலை வெள்ளையா இல்ல. நல்ல கழுகு எங்க இருக்கு?”

“வெள்ளைத் தலை அமெரிக்காவுல இருக்கு. இது குளிருக்கு ரஷ்யா பக்கமிருந்து வருதுன்னு பாய் சொல்லுதாரு. கர்த்தர் படைச்சதுல நல்ல கழுகு, கெட்ட கழுகா? எல்லாத்துக்கும் பசிக்கும்லா.”

இப்போது என் மகன் போனில் காட்டுகிற படங்களைப் பார்க்கிறேன். அந்த வெள்ளைத் தலை ராஜாவும் ஆற்றங்கரையில் செத்து ஒதுங்கிய மீனைத்தான் கிழிக்கிறது. விரால் அடிப்பான் என்ற இன்னொரு பறவை கஷ்டப்பட்டுப் பிடித்த மீனை வானத்திலேயே துரத்திப் பறிக்கிறது. வேட்டையும் ஆடுகிறது, இல்லை என்று சொல்லவில்லை. சும்மா கிடைத்தால் அதை விடுவதில்லை, அவ்வளவுதான். அந்த வயதில் இது தெரிந்திருந்தால் அழுதிருக்க மாட்டேன்.

சாயங்காலம் ஹால் நிறைய ஆட்கள். என் பெயரைக் கூப்பிட்டார்கள். படத்தைத் தூக்கிப் பிடித்து ஆரம்பித்தேன். “கழுகு செத்ததை...” என்ற இடத்தில் நின்றுவிட்டேன். மறந்துவிட்டேன் என்று நினைத்து, “தொடாது, தொடாது” என்று அம்மா உதட்டசைத்தாள். மறக்கவில்லை. ஜெபக்கூட்டத்தில் நின்றுகொண்டு பொய் சொன்னால் தேவன் கேட்பாரே என்று பயந்தேன்.

“கழுகு செத்ததையும் தின்னும்” என்றேன். “நான் இன்னைக்குப் பாத்தேன். எங்க அப்பா குப்பை லாரியில கொண்டு போறதைத்தான் தின்னுச்சு. எங்க அப்பா ஹாரன் அடிச்சா எல்லாம் வரும். கழுகுக்கு ஆண்டவர் எங்க அப்பா மூலமா சாப்பாடு குடுக்காரு.”

யாரோ ஒரு பையன் சிரித்தான். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். கூட்டம் நடத்திய ஐயா அப்பாவைப் பார்த்து, “தம்பி, நீங்க கம்பெனியில டிரைவர்னுல்லா...” என்றார்.

அப்பா எழுந்தார். “கம்பெனிதான் ஐயா. குப்பை வண்டி. வந்த நாள்ல இருந்து அதான் ஓட்டுதேன்.”

“நல்லது, நல்லது” என்றார் ஐயா. முதல் பரிசு நோவாவின் புறாவைப் பற்றிப் பேசிய பிள்ளைக்குப் போனது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னிடம், “அத்தனை பேர் முன்னால மானத்தை வாங்கிட்டியேட்டி” என்றாள்.

“பிள்ளை பொய்யா சொன்னா?” என்றார் அப்பா.

அம்மா சமையல்கட்டுக்குள் போனாள். அப்பாவுக்குச் சோறு போட்டாள். கேட்காமலே பொரித்த மீனில் பெரிய துண்டை வைத்தாள். அப்பா அன்றைக்கு ரெண்டாம் தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

பரிசு போன வருத்தம்தான் அம்மாவுக்கு என்று நினைத்து, “அடுத்த வருஷம் கண்டிப்பா வாங்கிருவேன்மா” என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன். அப்பா என்னை லாரியில் ஏற்றியது கழுகைக் காட்டுவதற்கு மட்டும்தான் என்று, எனக்குக் கல்யாணம் ஆகும்வரை நம்பிக்கொண்டிருந்தேன்.